ஒரு வரித் திருத்தம்

கூட்டமைப்பில் அவளை எல்லாரும் வாயாடியக்கா என்றுதான் அழைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அவள் பேசிக் கேட்டதில்லை. நகராட்சித் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் பதினான்கு வருடமாகக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, நாலு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவள். அந்த வேலைக்கு வாய் தேவைப்படுவதில்லை. வாயாடி என்பது அவள் எழுதிய மென்பொருளின் பெயர். கணினித் திரையில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்று விடாமல் உரக்கப் படிக்கும். நிறுத்தச் சொன்னால் ஒழிய நிறுத்தாது. பெயர் வைத்தது தம்பி.

தம்பிக்கு இருபத்து மூன்று வயதில் கண் போனது. ஆறே மாதம், இரண்டு கண்ணும். அக்கா ஒரு தடிமனான புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிரல் எழுதக் கற்றாள். கடையில் கிடைத்த குரல்களெல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்ததால், தன் குரலையே பதிவு செய்து அதற்குள் வைத்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று உறவுக்காரர்கள் கேலி செய்யும் அந்த அக்கா, தம்பியின் கணினிக்குள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மூச்சு விடாமல் பேசினாள்.

அந்தப் பேச்சை நம்பித்தான் தம்பிக்குப் பிழைப்பு. நீதிமன்றத்தில் பதிவாகும் வாக்குமூலங்களைக் காதால் கேட்டு எழுத்தாக்கித் தரும் அலுவலகம் ஒன்றில், வீட்டிலிருந்தபடியே வேலை. ஒன்பது வருடத்தில் அவன் தட்டிய பக்கங்களில் பிழை கண்டுபிடித்தவர் இல்லை. அலுவலகத்துக்கு இரண்டே விதிகள். ஒன்று, கூட்டமைப்பின் முத்திரை பெற்ற கணினியாக இருக்க வேண்டும். வீட்டில் யாராவது உள்ளே கை வைத்துத் திருத்திய கணினியை அவர்களுடைய வலையமைப்பு உள்ளே விடாது. இரண்டு, வேலை நடக்கும்போது அறையில் இன்னொரு ஆள் இருக்கக் கூடாது. ஊரார் கண்ணீர்க் கதையெல்லாம் அதில் இருக்கிறதல்லவா.

கூட்டமைப்பு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். கணினியை இயக்கும் மென்பொருளை இலவசமாகச் செய்து, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்து வைத்திருக்கும் தொண்டர்களின் சங்கம் அது. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். உள்ளே நுழைந்தவர் எதையாவது மாற்ற வேண்டுமென்றால்தான் சிக்கல். தொழில்நுட்ப மாற்றம் என்றால் இரண்டு பேர் தலையாட்டினால் போதும். கொள்கை மாற்றம் என்றால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் ஏழு நாள் தள்ளிப்போகும். எந்த மாற்றம் தொழில்நுட்பம், எந்த மாற்றம் கொள்கை என்பதைச் சாசனம் சொல்வார். சாசனம் என்பது ஓர் ஆள். கூட்டமைப்பின் நூற்றுப்பத்து விதிகளும் தலைகீழ்ப் பாடம் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அரசாங்கம் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. சிறுவர்களைக் காப்பதற்காக, எந்தக் கணினியும் விழித்தவுடன், வேறெந்தச் செயலும் நிகழும் முன், பயனரின் வயதைத் திரையில் கேட்டுப் பதில் பெற வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்து கணினி உறங்கிவிட்டால், எழுந்ததும் மறுபடி கேட்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்.

அக்கா அதை மதிய உணவு வேளையில், குப்பிகளுக்கு நடுவே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். 'வேறெந்தச் செயலும் நிகழும் முன்' என்ற இடத்தில் கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். வாயாடி எழுந்து பேசுவதும் ஒரு செயல்தானே? கேள்வி வரும்போது வாயாடி உறங்கிக்கொண்டிருக்கும். திரையில் கேள்வி இருப்பது தம்பிக்கு எப்படித் தெரியும்?

அன்று மாலையே ஒரு திருத்தம் எழுதினாள். ஒரே வரி. முதலில் குரல், பிறகு கேள்வி. கூட்டமைப்பின் இணையப் பலகையில் போட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் பார்த்தால் நாற்பத்தாறு கருத்துகள் வந்திருந்தன. ஆர்வமாகத் திறந்தாள். வரியின் ஓரத்தில் எத்தனை இடம் விட வேண்டும் என்பது பற்றி முப்பத்தொன்று. மீதியில் பெரும்பகுதி, அந்த முப்பத்தொன்றைக் கண்ணியமான மொழியில் எழுதினார்களா என்பது பற்றி. கடைசியாகச் சாசனம் எழுதியிருந்தார்: 'கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று நாம் திருத்தினால், கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே இது கொள்கை.'

அவ்வளவுதான். ஒரு வரிக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்றாகிவிட்டது.

அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அமைச்சகத்துக்கே போனாள். துணைச் செயலாளர் அம்மாள் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"கண் தெரியாதவங்கள நாங்க மறக்கவே இல்லம்மா," என்றார். "அவங்களுக்காகத்தான் கேள்வியப் பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கோம். முதல்ல சின்னதாதான் இருந்துச்சு. நான்தான் சண்டை போட்டு மாத்தினேன்."

அக்கா மெல்லச் சொன்னாள். "எவ்வளவு பெருசா இருந்தாலும் என் தம்பிக்குத் தெரியாதுங்க. அவனுக்கு முழுசாவே பார்வை இல்ல."

துணைச் செயலாளர் சிறிது நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பதை அக்கா பிற்பாடும் மறுக்கவில்லை. "விலக்குப் படிவம் ஒண்ணு இருக்கே. அவரே அவர் கம்ப்யூட்டர்ல உள்ள போய் நிரப்பணும். ஆமா, உள்ள போறதுக்கு முன்னாடி கேள்வி வரும் இல்ல..." என்று இழுத்தவர், குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, சட்டத்துல ஒரு வரி சேர்க்கறது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல. ஆனா யாராவது கேக்கணும். நீங்க தனியா எழுதினா பொதுமக்கள் கருத்துன்னு அட்டைப்பெட்டிக்குப் போயிடும். அத யாரும் திறக்க மாட்டாங்க, நானே திறக்க மாட்டேன். மென்பொருள் செய்யறவங்க சங்கம் எழுதினா அது ஆட்சேபம். ஆட்சேபம் வந்தா நாங்க பதில் சொல்லியாகணும். பதில் சொல்றதுக்குச் சோம்பல்பட்டே சேர்த்துடுவோம். உங்க சங்கத்துலேர்ந்து ஒரு கடிதம். அது போதும்."

ஒரு கடிதம். அக்காவுக்குப் படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. அன்றிரவே தம்பி சொல்லச் சொல்ல எழுதினாள். ஒன்றரைப் பக்கம். 'எனக்குக் கண் தெரியாது' என்று ஆரம்பித்து, ஒரு நாள் வேலை எப்படி நடக்கிறது, அந்தக் கேள்வி வந்தால் எந்த இடத்தில் நின்றுபோகும் என்று அவன் நிதானமாகச் சொன்னான். அழுகை, ஒப்பாரி ஒன்றும் கிடையாது. அவன் தட்டும் வாக்குமூலங்களைப்போலவே இருந்தது.

கடிதத்தைக் கூட்டமைப்புக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. மனம் நெகிழ்ந்ததாகச் சொன்னார்கள். கூட்டமைப்பு தயாரித்துவரும் பெரிய ஆட்சேப அறிக்கையில் இதுவும் சேரும், இணைப்பு ஏழு. உறுப்பினர்கள் இனி இது பற்றி எங்கும் தனியாகப் பேச வேண்டாம், எல்லாரும் ஒரே குரலில் பேசுவோம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். பேசாமலிருப்பது அக்காவுக்குக் கைவந்த கலை. சரி என்றாள்.

பெரிய அறிக்கையின் முதல் வாக்கியம், 'நாங்கள் ஆழ்ந்த கவலை கொள்கிறோம்.' இந்த நான்கு சொல்லுக்கு இருபத்தெட்டு நாள் பிடித்தது. ஆழ்ந்த என்றால் எவ்வளவு ஆழம் என்று ஒருவர் கேட்டதில் ஏழு நாள். கவலை என்பது பலவீனமானவர்களின் சொல், கண்டனம் என்று போடலாம் என்று ஒருவர். கண்டனம் என்றால் அரசாங்கத்துக்கு அளவுக்கு மீறிய மரியாதை என்று இன்னொருவர். அதில் ஏழு நாள். நாங்கள் என்று எழுதினால் கவலைப்படாத உறுப்பினர்களை ஒதுக்குவதாகும் என்று, கவலைப்படாத உறுப்பினர் ஒருவர் மறுத்ததில் ஏழு நாள். கடைசி ஏழு நாள் முற்றுப்புள்ளிக்குப் போனது. இணையக் கூட்டத்தில் பொறுமை இழந்த சிலர் முணுமுணுத்தபோது ஒருங்கிணைப்பாளர் ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"அரசாங்கத்துக்கிட்ட அதிகாரம் இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? நடைமுறை இருக்கு. அவங்க ஒரு முடிவு எடுத்துட்டு அப்புறம் விவாதிப்பாங்க. நாம விவாதிப்போம். அவ்வளவுதான். அதுதான் நமக்கும் அவங்களுக்கும் உள்ள வித்தியாசம்."

எல்லாரும் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள்.

இதற்கிடையில் கட்டெறும்பு சும்மா இருக்கவில்லை. கூட்டமைப்பிலேயே வேகமாக நிரல் எழுதும் இளைஞருக்கு அந்தப் பெயர். சட்டத்தை வெறுப்பதில் அவருக்கு இணை கிடையாது. அந்தக் கேள்வி எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று உலகத்துக்குக் காட்டத்தான் அதை எழுத ஆரம்பித்தார். எழுத எழுத அழகாக வந்துவிட்டது. முப்பத்து நான்கு மொழிகள். கண் கூசாத நிறங்கள். இயந்திரம் ஏமாற்றிப் பதில் சொல்லிவிடாதபடி, எண்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறி நிற்கும்; பார்த்து, தேடி, அம்பு நகர்த்தித் தொட வேண்டும். விசைப்பலகையில் தட்டினால் ஏற்காது. ஒன்பதே நாளில் முடித்துப் பலகையில் போட்டார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். சாசனமும் பார்த்தார். கேள்வியைத் திருத்துவதுதான் கொள்கை, கேள்வியைச் சேர்ப்பது வெறும் தொழில்நுட்பம் என்றார். சேர்ந்துவிட்டது.

அரசாங்கத்தின் சொந்தக் கணினிகளிலேயே அப்போது அது தயாராகவில்லை. கட்டெறும்புக்கு அமைச்சகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதைக் கிழித்துப் போட்டார். கிழிப்பதைப் படமெடுத்துப் பகிரவும் செய்தார்.

முப்பதாம் நாள் மாலை நான்கு மணிக்கு அறிக்கை முடிந்தது. ஐந்து மணிக்குள் அமைச்சகத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றப் போனால், தளம் ஒரே ஒரு வகை ஃபைலைத்தான் வாங்கும் என்றது. அது ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமான வகை. கூட்டமைப்போ, பிறந்த நாளிலிருந்து அந்த வகையைத் தீண்டுவதில்லை என்று சத்தியம் செய்த சங்கம். நூற்றுப்பத்து விதிகளில் இரண்டாவதே அதுதான். அவசரக் கூட்டம் கூடியது.

"இந்தச் சட்டத்த எதிர்க்கறதே நம்ம சுதந்திரத்துக்காக," என்றார் ஒருங்கிணைப்பாளர். "எதிர்க்கறதுக்காக அந்தச் சுதந்திரத்த விட்டுக்கொடுத்தா, எதுக்காக எதிர்த்தோம்?"

"மாத்தினா அது விதித் திருத்தம்," என்றார் சாசனம். "ஏழு நாள்."

நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. சோதனைக்கூடத்தின் மூலையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. ஆறு வருட உறுப்பினர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"நான் மாத்தித் தர்றேங்க," என்றாள். "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்த வசதி இருக்கு. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். நீங்க கூட்டமைப்புப் பேர்ல ஏத்தினா மட்டும் போதும்."

கூட்டம் திடுக்கிட்டது. அந்தக் குரல் எல்லாருக்கும் பழக்கமான குரல். வருடக்கணக்காக அவர்கள் கணினிகளில் சோதித்துப் பார்த்த குரல்.

"யாருப்பா அது, வாயாடிய ஓடவிட்டுட்டுக் கூட்டத்துல உக்காந்திருக்கறது?" என்றார் கட்டெறும்பு. "திரையில இருக்கறதையெல்லாம் படிக்குது. நிறுத்துங்க."

"நான்தாங்க பேசறேன்," என்றாள் அக்கா.

"இன்னும் படிக்குது," என்றார் ஒருங்கிணைப்பாளர். அவரே அவள் ஒலியை அடைத்தார்.

அவள் திறக்கப் பார்த்தாள். திறக்க முடியவில்லை. எழுதிப் போட்டாள், மேலே ஐம்பது பேர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த ஓட்டத்தில் அது அடித்துக்கொண்டு போனது. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அறிக்கையைத் தங்கள் சுதந்திர வகையிலேயே ஏற்றினார்கள். தளம் ஏற்கவில்லை. கூட்டமைப்பு அன்று மாலையே உலகுக்கு அறிவித்தது: 'நாங்கள் பணியவில்லை.' மறுநாள் அமைச்சகமும் அறிவித்தது: 'மென்பொருள் செய்வோர் தரப்பிலிருந்து ஆட்சேபம் ஏதும் வரவில்லை.' இரண்டுமே உண்மை என்பதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சட்டம் அமலான அன்று காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வாயாடி பேசலக்கா."

"கேள்வி வந்திருக்கும்டா. இரு, வர்றேன்."

பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனாள். தம்பி நாற்காலியில் நிமிர்ந்து, விரல்களை விசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். திரையில், பெரிய எழுத்தில், கண் கூசாத நிறத்தில் கேள்வி நின்றது. எண்களைத் தேடித் தொட்டாள். மூன்று. நான்கு. உடனே அவள் குரல் கணினிக்குள்ளிருந்து வணக்கம் சொன்னது. தம்பி மூச்சு விட்டான்.

அப்படியே இரண்டு வாரம் ஓட்டினார்கள். காலையில் அவள் தொட்டுவிட்டுப் போவாள். நடுவில் பத்து நிமிடம் எழுந்து போனாலும் கணினி தூங்கிவிடும் என்பதால் தம்பி தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான். அப்படியும் தூங்கிவிட்டால் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாவைக் கூப்பிடுவான். "தம்பி, இன்னிக்கும் முப்பத்து நாலுதானா?" என்று அந்த அம்மா தொட்டுவிட்டுப் போவார். விளையாட்டாகத்தான் கேட்பார். ஒன்பது வருடம் யார் தயவும் இல்லாமல் சம்பாதித்தவனுக்கு அந்த விளையாட்டு ஊசியாய் இறங்கியது.

ஒரு நாள் அவன் தானாகவே அலுவலகத்துக்கு எழுதிவிட்டான்: வேலை நடக்கும்போது என் அறைக்கு வேறு ஆள் வர வேண்டியிருக்கிறது. அவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள். இவ்வளவு நேர்மையான ஆளை இழப்பது கஷ்டமாக இருக்கிறது என்று எழுதி, இழந்தார்கள்.

"ஏண்டா சொன்னே?" என்று கேட்டாள் அக்கா.

"அடுத்தவன் வாக்குமூலத்த ஒரு எழுத்து மாறாமத் தட்டினவன்க்கா. என்னோடத மட்டும் மாத்திச் சொல்லவா?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பலகையில் அவளுடைய ஒரு வரி இன்னும் கிடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகள்.

அடுத்த மாதம் கூட்டமைப்பின் ஆண்டுவிழா. அழைப்பு வந்தது. போராட்டத்தின் நினைவாக, அனுப்பப்பட்ட அறிக்கை முழுவதும் மேடையில் வாயாடியின் குரலிலேயே வாசிக்கப்படும். வாயாடியக்கா குடும்பத்துடன் வர வேண்டும். அவளுக்கு விருப்பமில்லை. தம்பிதான் போகலாம் என்றான்.

"நம்ம லெட்டரும் அதுல இருக்குல்ல? நூறு பேர் முன்னாடி அத நீ படிக்கறதக் கேக்கணும்க்கா."

மண்டபம் நிறைந்திருந்தது. குரலுக்கு மட்டுமே மரியாதை என்பதைக் காட்ட, மேடை விளக்கை அணைத்து, கணினியின் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். "இனி நம் குரல் பேசும்," என்று சொல்லி ஒருங்கிணைப்பாளர் கணினியை எழுப்பிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஒன்றும் கேட்கவில்லை.

அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. முன்வரிசையில் யாரோ எழுந்து தலைகுனிந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். சிறிது நேரத்தில் மண்டபமே எழுந்து நின்றது. ஒருங்கிணைப்பாளர் முதலில் விழித்தார். பிறகு அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி மட்டும் உட்கார்ந்திருந்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். அந்த அமைதியை அந்த மண்டபத்தில் அடையாளம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"அக்கா, அது வயசு கேக்குது," என்றான். பிறகு மேடையைப் பார்த்து உரக்கச் சொன்னான். "அது வயசு கேக்குதுங்க. யாராவது போய்த் தொடுங்க."

தொண்டர் ஒருவர் குனிந்தபடி ஓடிவந்தார். "தயவுசெஞ்சு அமைதியா இருங்க சார்," என்று காதருகே கிசுகிசுத்தார். "மௌன எதிர்ப்பு நடக்குது."

அது முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரமானது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இனி ஆண்டுதோறும் இந்த மௌனத்தைக் கடைப்பிடிப்பது என்று அங்கேயே முன்மொழிந்தார்கள். ஒருவர்கூட மறுக்காமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது. பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

காலி மண்டபத்தில் அக்கா மேடை ஏறினாள். கணினியைத் திருப்பி, எண்களைத் தேடித் தொட்டாள். மூன்று. நான்கு. அவள் குரல் அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தது. தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆழ்ந்த கவலை வந்து போனது. விதிகள் வந்தன. இணைப்பு ஒன்று, இரண்டு என்று வரிசையாக வந்தன. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இணைப்பு ஏழு," என்றது அவள் குரல். "இந்தப் பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது. கடிதத்தின் முதல் வாக்கியமாகிய 'எனக்குக் கண் தெரியாது' என்பது பார்வையற்றவர்களைப் புண்படுத்தக்கூடும் என்பதால், விவாதத்தில் உள்ளது. இணைப்பு எட்டு."

அக்கா கணினியை மூடினாள். வெளியே தட்டுகளின் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் தம்பி. "இப்பப் பேசினது நீயா, அதுவா?"

"அதுடா," என்றாள் அக்கா. "நான் இன்னும் பேசவே இல்ல."